நீலக் காரின் பின்னிருக்கை

லின்சி கத்திகளைச் சமையலறை இழுப்பறைக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். இலையுதிர் காலத்திலிருந்தே அவை கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. ரொட்டி வெட்ட வேண்டுமானால் நைஜல் ரொட்டியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போவான். வெட்டி முடித்ததும் பெட்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பி வருவான். நாளடைவில் அது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டிருந்தது.

"வர்றவங்க டிராயரத் திறந்து பாத்தா என்ன நினைப்பாங்க? கத்தியே இல்லாத வீடு எங்கயாவது உண்டா?" என்றாள்.

"டிராயரத் திறந்து பாக்கவா அவங்க வர்றாங்க?"

"போன தடவ வந்தவங்க ஃப்ரிட்ஜையே திறந்து பாத்தாங்க. மறந்துட்டியா?"

மறக்கக்கூடியதன்று. ஸ்கைலா இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு, தத்தெடுக்கத் தகுதி உண்டா என்று பார்ப்பதற்காக, உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் ஓராண்டு முழுக்க அவர்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. தோட்டத்துக் குட்டைக்கு மூடி உண்டா, கணப்புக்குத் தடுப்பு உண்டா என்பதில் தொடங்கி, லின்சியின் முதல் காதலன் ஏன் விலகிப்போனான் என்பது வரை வந்து முடிந்த விசாரணை அது. அந்த ஓராண்டில் லின்சி ஒன்றை ஐயமறக் கற்றுக்கொண்டாள்: கேள்வி கேட்பவர் படியேறும்போது வீடு சிரித்த முகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்ததனால்தான் பிள்ளை கிடைத்தது. இப்போது அதே அலுவலகத்திலிருந்து மறுபடியும் ஒருவர் வருகிறார். இந்தத் தடவை அழைத்தது அவர்களேதான்.

அழைத்தவன் நைஜல். போன வாரம் மாடிப்படியின் உச்சியில் ஸ்கைலா லின்சியைப் பிடித்துத் தள்ளினாள். கைப்பிடிக் கம்பியில் லின்சியின் விரல்கள் சிக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி இருவரும் அன்று பேசவில்லை. மறுநாள் காலை நைஜல் அவளிடம் சொல்லாமல் கவுன்சிலுக்கு ஃபோன் செய்துவிட்டான்.

"தத்துக் குடும்பங்களுக்குன்னே கவர்ன்மென்ட் நிதி வச்சிருக்காம். கவுன்சில்லேருந்து வந்து பாத்து எழுதினா, புள்ளைக்கு நல்ல தெரபிஸ்டா ஏற்பாடு பண்ணுவாங்களாம். நமக்கும் சேத்துத்தான்."

"வந்து பாத்து, புள்ளையத் தூக்கிட்டுப் போனா?"

"கோர்ட்டு ஆர்டர் வந்தாச்சு, லின்சி. இனிமே அவ நம்ம பொண்ணு. யாரும் தொட முடியாது."

"அவளப் பெத்தவளுக்கும் அவ பொண்ணாத்தான் இருந்தா."



லின்சியின் அச்சத்துக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. பக்கத்து நகரத்து நூலகத்தில், தத்தெடுத்த பெற்றோர் கூடிக் காபி குடிக்கும் கூட்டத்துக்கு ஒரு தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். சமாளிக்க முடியவில்லை, உதவி கேட்டிருக்கிறோம் என்று அந்தப் பெண் ஒரு நாள் அழுதாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பையன் இப்போது அவர்களோடு இல்லை என்று மட்டும் யாரோ சொன்னார்கள். நடந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை, லின்சியும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கதையை அவள் தன் மனத்துக்குள் பலவிதமாக முடித்துப் பார்த்திருந்தாள். எல்லா முடிவிலும் ஒரு கார் வந்தது.

ஆகவே, ஸ்கைலா உதைத்து உடைத்த குளியலறைக் கதவின் ஓட்டையை மறைத்துத் துண்டுகளைத் தொங்கவிட்டாள். முழங்கைக்குக் கீழே பற்கள் பதிந்திருந்த இடத்தை மறைக்க நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டாள். எலுமிச்சைக் கேக் செய்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸ்கைலாவிடம், "இன்னிக்கு ஒருத்தங்க வருவாங்க. மோரீன்னு பேரு. டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

எட்டு வயதுக்குச் சிறுத்த உடம்பு ஸ்கைலாவுக்கு. அவள் காலணியைக் கழற்றாமல் நின்றாள்.

"கழுத்துல அட்டை மாட்டியிருப்பாங்களா?"

"மாட்டியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

ஸ்கைலா மாடிக்குப் போய், யாரும் சொல்லாமலேயே முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்தாள். ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை. லின்சி அதைக் கண்டு நிம்மதி அடைந்தாள். அப்போதே பயந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது.

மோரீன் பருத்த உடம்புக்காரர். ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பக்கத்துச் சக்கரங்கள் நடைபாதைமேல் ஏறியிருக்கும்படி தம் நீலக் காரை நிறுத்திவிட்டு, மழைக்கோட்டு சரசரக்க வந்தார். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை இருந்தது. கதவைத் திறந்தவள் ஸ்கைலா.

"அம்மா, விருந்தாளி வந்துட்டாங்க!"

 வீட்டில் அந்தப் பிள்ளை லின்சியை 'ஏய்' என்றுதான் கூப்பிடும். சற்றுக் கனிவாக இருக்கும் நாள்களில் 'லின்சி.'

ஸ்கைலா தேநீர்க் கோப்பைகளைச் சிந்தாமல் கொண்டுவந்தாள். முதல் கேக் துண்டை மோரீனுக்குக் கொடுத்தாள். நைஜலின் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்துகொண்டாள். நைஜல் சிலைபோல உட்கார்ந்திருந்தான்.

"அட, என்ன தங்கமான புள்ள!" என்றார் மோரீன். "என் பேரனுங்களா இருந்தா இந்நேரம் கேக்கு சீலிங்ல ஒட்டியிருக்கும்."

"உங்க காரு அந்த நீலக் காரா?" என்று ஸ்கைலா கேட்டாள்.

"ஆமா கண்ணு. பூட்டக்கூட இல்ல. எவனாவது எடுத்துட்டுப் போனா அவனுக்குத்தான் செலவு."

ஸ்கைலா சிரித்தாள். மேலே போய்ப் படிக்கட்டுமா என்று அனுமதி கேட்டாள். லின்சி தலையசைத்ததும், படிகளில் ஓசையே எழாமல் ஏறிப் போனாள்.

மோரீன் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, சொல்லுங்க. ஃபோன்ல உங்க வீட்டுக்காரர் சொன்னது கொஞ்சம் பெருசா இருந்துச்சே."

"இவரு எதையுமே பெருசாத்தான் சொல்லுவாரு. தூக்கம் கொஞ்சம் சரியில்ல. அவ்வளவுதான்."

"லின்சி..." என்றான் நைஜல்.

"தூக்கந்தான்."

மோரீன் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தூக்கத்துக்குன்னா ஒரு வகுப்பு இருக்கு, போய்ட்டு வாங்க. நிதிக்கு எழுதணும்னா வேற மாதிரி. என்ன கஷ்டம், யாருக்கு அடி பட்டுச்சு, பள்ளிக்கூடத்துல எப்படின்னு அத்தனையும் கேப்பாங்க. நல்லாயிருக்கற வீட்டுக்கு நான் என்னன்னு எழுதறது?"

நல்லாயிருக்கிற வீடு. அந்தச் சொல்லுக்காகத்தான் லின்சி காலையிலிருந்து பாடுபட்டாள். கிடைத்ததும் அது வேண்டாமென்று தோன்றியது. இவர் போய்விடுவார், கதவு சாத்தப்படும், பிறகு வீட்டில் அவர்கள் மூவர்தான்.

நைஜல் குறுக்கே புகுந்தான். "நானும் தத்துப் புள்ளதாங்க. அறுபத்தொம்போதுல. கோர்ட்டுல கையெழுத்து வாங்கினாங்க, எங்கம்மா கையில என்னக் குடுத்தாங்க. அதோட சரி. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

"இப்ப அப்படி இல்ல. உங்கள மாதிரி பெரியவங்களுக்கும் உதவி உண்டு. மனசு விட்டுப் பேசணும்னா ஆளு இருக்கு, பெத்தவங்க விவரம் தேடணும்னாலும் இருக்கு. வயசெல்லாம் பாக்க மாட்டாங்க."

"அப்ப என்னையும் அந்த வகுப்புல சேத்துக்குங்க. எங்க வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல."

லின்சி அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். அப்போதுதான் சங்கு ஊதியது.

ஊருக்கு முன்னால் விரிந்து கிடக்கும் குடாவில், கடல் வற்றும்போது மைல் கணக்கில் மணல் தெரியும். அலை திரும்பி வரும்போது மனிதன் ஓடுவதைவிட வேகமாக வரும். அதனால் அலைக்கு முன்னே ஒரு முறையும், அது கண்ணுக்குத் தென்பட்டதும் மறுமுறையும் கரையில் சங்கு ஊதுவார்கள். அந்த ஒலி கேட்டால் ஸ்கைலா எங்கிருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையை ஓங்கி ஓங்கி மிதிப்பாள். கூரை அதிரும்.

கூரை அதிரவில்லை.

லின்சி மாடிக்கு ஓடினாள். படுக்கை சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. பள்ளிப் புத்தகங்கள் அதன்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பையைக் காணவில்லை. அலமாரியில் உள்ளாடைகள் இல்லை. குளியலறையில் அவளுடைய பல் தூரிகையும் இல்லை. கீழே வந்தால், பின்கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

"கடலுக்கா..." என்றவன் வாக்கியத்தை முடிக்காமல், கோட்டுகூடப் போடாமல் கரைப் பக்கம் ஓடினான் நைஜல்.

லின்சியின் கால்கள் அவளைச் சமையலறைக்குக் கொண்டுபோயின. ஏன் என்பது இழுப்பறையைத் திறந்த பின்புதான் அவளுக்கே விளங்கியது. ஒரு கத்தி குறைந்தது. மறுபடி எண்ணினாள். நீளமான கத்தியைக் காணவில்லை. தானே கொண்டுவந்து, தானே வைத்தது. அலையை நோக்கி நடந்து போகும் சிறு உடம்பு ஒன்றும், அதன் கையில் மின்னும் ஏதோ ஒன்றும் அவள் கண்முன் வந்தன. 

"கத்தி இங்க இருக்கு. கேக் தட்டுல" என்றார் மோரீன், சமையலறை வாசலில் நின்றபடி. பிறகு அதே குரலில், "புள்ளையக் காணோம்னதும் நீங்க ஏன் கத்தியத் தேடறீங்க?" என்று கேட்டார்.

லின்சி அவரைத் தாண்டி வெளியே ஓடினாள்.

பின்கட்டில் இல்லை. கராஜில் இல்லை. பக்கத்து வீட்டு வேலிக்குள் இல்லை. இரண்டாம் சங்கு ஊதியது, அலை வந்துவிட்டது. லின்சி முன்பக்கத்துத் தெருவுக்கு வந்து, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றாள். அப்போது நீலக் காரின் பின் கண்ணாடி வழியாக, வாரிச் சீவிய ஒரு தலை தெரிந்தது.

ஸ்கைலா பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள். பெல்ட் மாட்டியிருந்தது. மடியில் பை. கண்கள் முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன.

லின்சி கதவைத் திறந்தாள். "ஸ்கைலா... இங்க என்னம்மா பண்ற?"

"நான் ரெடி."

"எதுக்கு ரெடி?"

"போறதுக்கு."

"எங்க போற?"

"அதெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டாங்க." ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்குவதுபோல ஸ்கைலா சொன்னாள். "நானே ஏறிட்டா தூக்க மாட்டாங்க. தூக்கினா வலிக்கும்."

லின்சியால் அதற்குமேல் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. குனிந்து பெல்ட்டின் கொக்கியைத் தொட்டாள். தொட்டிருக்கக் கூடாது. ஸ்கைலா அலறினாள். உதைத்தாள். லின்சியின் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டாள். லின்சியின் தலைமுடி ஒரு கொத்தாகப் பிள்ளையின் கைக்குள் போனது. "போ ஏய்! போ! நானே போறேன்னு சொல்றேன்ல!" என்ற கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது. எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகியது. லின்சி மெல்லத் தன்னை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மோரீன் வேலிக்கதவருகே நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், லின்சியின் நாக்கு வழக்கமான சொல்லைத்தான் தேடியது. 'களைப்பு, வேறொன்றுமில்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். காருக்குள் இருந்த பிள்ளை அலறலை நிறுத்திவிட்டு மறுபடி அசையாமல் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தாள். தன் வீடு எந்தப் பயத்தில் சிரித்ததோ அந்தப் பயத்தில்தான் இவளும் சிரித்திருக்கிறாள்; தேநீர் கொண்டுவந்ததும் அதனால்தான்.

"தூக்கம் மட்டுமில்ல," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "போன வாரம் என்ன மாடிப்படியிலேருந்து தள்ளினா. கத்தியெல்லாம் கராஜுலதான் பூட்டி வச்சிருக்கோம். உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன். குளியலறைக் கதவுல ஓட்டை இருக்கு. தலகாணிக்கு அடியில ரொட்டிய ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறா, பூஞ்சை பிடிச்சுப் போகுது. எனக்கு அவளப் பாத்தா பயமா இருக்கு." மூச்சு வாங்கியது. "ஆனா எடுத்துட்டுப் போயிடாதீங்க. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடாதீங்க."

"எடுத்துட்டுப் போறதுக்கு நான் வரலம்மா."

"அந்த நூலகத்துக்கு வர்றவங்க... அந்தப் பையன்..."

"அந்தக் குடும்பத்தப் பத்தி நான் பேசக் கூடாது. உங்களப் பத்தியும் இன்னொரு வீட்டுல பேச மாட்டேன்." மோரீன் வேலிக்கதவை விட்டு அருகே வந்தார். "பொய் சொல்லி உங்களத் தேத்த மாட்டேன். உதவி கிடைச்சும் உடைஞ்ச வீடுகள நான் பாத்திருக்கேன். ஆனா கேக் வச்சு என்ன அனுப்பிட்டு அப்புறம் உடைஞ்ச வீடுகளத்தான் நிறையப் பாத்திருக்கேன். இப்ப எழுதறதுக்கு எனக்கு விஷயம் இருக்கு. எழுதட்டுமா?"

லின்சி பின்னிருக்கையைப் பார்த்தாள். எழுதிவிட்டால் அது எங்கோ ஓர் அலுவலகத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவர் கைக்குப் போகும். பிறகு திரும்பப் பெற முடியாது.

"எழுதுங்க" என்றாள்.

மோரீன் காரின் மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஏறாமல், தெருவிலேயே முழங்கால் மடக்கி உட்கார்ந்தார். அந்த உடம்புக்கு அது எளிய காரியமன்று.

"ஸ்கைலா, நான் கிளம்பறேன். நீ என்கூட வரல."

"காருல இருக்கேன்ல."

"இருக்கலாம். ஆனா காரு வரல." சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா, நீயே வச்சுக்க. இது இல்லாம காரு நகராது. நான் ரயில்ல போறேன்."

ஸ்கைலா அவரையும் சாவியையும் வெகுநேரம் ஆராய்ந்தாள். பிறகு வெடுக்கென்று பறித்துக்கொண்டாள்.

மோரீன் எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஃபோனில் யாரிடமோ அன்றைய அடுத்த சந்திப்புக்கு வர முடியாதென்று சொல்லியபடியே ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார். இடுப்புவரை நனைந்து, உதடுகள் நீலம் பாய்ந்து நைஜல் திரும்பி வந்தபோது, பின்னிருக்கையில் மகளும் வாசற்படியில் மனைவியும் ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள். குடாவின் குறுக்கே போகும் நீண்ட பாலத்தின்மேல் ரயில் சிறு பெட்டிகளாகக் கடந்து மறைந்தது. அது முழுக்க மறைந்த பின்புதான் பெல்ட்டின் கொக்கி விடுபடும் ஒலி கேட்டது.

அன்று ஸ்கைலா யாரையும் அடிக்கவில்லை. அது லின்சிக்கு ஆறுதலாக இல்லை. சாவி இருந்த கை இரவு உணவின்போதும் திறக்கவில்லை. இடக்கையால் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மோரீன் நிலையத்திலிருந்து மேட்டில் ஏறி வந்தார். கூடவே, ஒரு கன்றுக்குட்டி அளவுள்ள கிழட்டுப் பழுப்பு நாய் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. ஸ்கைலா வேலிக்கதவின் உட்புறம் நின்றாள். லின்சி அவளுக்குப் பின்னால், தொடாமல்.

"ராத்திரியே எழுதி அனுப்பிட்டேன்" என்றார் மோரீன் லின்சியிடம். "ஒண்ணையும் விடல. மேல இருக்கறவங்க படிச்சு முடிவு சொல்லக் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நானே வர்றேன். கேக்கு வேணாம்."

பிறகு ஸ்கைலாவின் பக்கம் திரும்பினார். "எனக்குச் சாவி வேணும் கண்ணு. ஆனா அதுக்கு முன்னாடி இதப் பாரு."

காரின் பின்கதவைத் திறந்தார். நாய் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இருக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீட்டிப் படுத்துக்கொண்டது. ஸ்கைலா வேலிக்கதவைத் திறந்துகொண்டு போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள். நாயின் பின்புறத்துக்கும் கதவுக்கும் இடையே கையை நுழைத்து அளந்தாள். தான் உட்கார இடமில்லை.

"இவன் பேரு என்ன?"

"பிரிகேடியர்."

"நாத்தமடிக்குது."

"அவன் உன்னப் பத்தி அப்படியெல்லாம் சொல்லல பாரு."

ஸ்கைலா சிரிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளங்கையில் சாவியின் பற்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. சாவியை மோரீனின் கையில் கொடுக்காமல் காரின் கூரைமேல் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து வந்து வேலிக்கதவுக்குள் புகுந்துகொண்டாள்.

கார் கிளம்பியது.  பிள்ளை உள்ளே இல்லை, அருகில்தான் நிற்கிறாள் என்று தெரிந்தும், லின்சி அதன் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ச் முனையில் திரும்பி மறைந்த பிறகும் எஞ்சின் ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"அவங்க திரும்பி வருவாங்களா?"

"வருவாங்க. செவ்வாய்க்கிழமை."

"எதுக்கு?"

'சும்மா, டீ குடிக்க' என்ற பதில் லின்சியின் வாய்வரை வந்தது. அதை விழுங்கினாள். "எனக்கு உதவி பண்ண. உன்ன எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்குச் சரியாத் தெரியல. அதச் சொல்லிக் குடுக்க ஆளு வருவாங்க."

ஸ்கைலாவின் முகம் மெல்ல வெளிறியது. அவள் இதைத் தனக்குத் தெரிந்த வேறொரு வீட்டோடு பொருத்திப் பார்ப்பது தெரிந்தது.

"அப்ப, உன்னையா கூட்டிட்டுப் போவாங்க?"

"இல்ல. யாரையும் இல்ல."

ஸ்கைலா அவளை நம்பியதாகத் தெரியவில்லை. கால் நுனியில் எம்பி, வேலிக்கதவின் கொண்டியை மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரு கைகளாலும் பற்றி இழுத்துப் பார்த்தாள். பிறகு, தெருவின் முனையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, லின்சியின் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.